மிருதங்கப் பதிவில் தொப்பி குமுறுவது பற்றி

வணக்கம். அம்மாபேட்டை வீட்டில் நீளம், அகலம், உயரம் எல்லாம் 10 அடி உள்ள காங்கிரீட் அறையில் மிருதங்கம் பதிந்தால் தொப்பி (தாழ்ந்த ஓசை தரும் இடப்பக்க முகம்) மட்டும் குமுறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மைக்கைக் குறை சொல்லாதீர்கள். மூன்று அளவும் ஒன்றாக இருப்பதுதான் வினை: 56, 112 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது தாழ்ந்த ஓசையில், எழும் ஒத்ததிர்வுகள் (சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி ஓசை வலுப்பது) மூன்று திசையிலும் ஒரே இடத்தில் குவிகின்றன.

ஒரு சோதனை: தொப்பியில் 'தொம்' என்ற சொல்லை வாசித்து உடனே தொப்பியை உள்ளங்கையால் அமுக்குங்கள். அதற்கப்புறமும் பதிவில் ஓசை நீண்டால் அது அறையுடையது.

முட்டை அட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், தாழ்ந்த ஓசையை அது தொடவே தொடாது. தடித்த இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி மூலைகளில் நிறுத்துங்கள். அறையின் நட்டநடுவிலும் மூலையிலும் உட்காராமல், ஒரு சுவருக்கு மூன்றடி, பக்கத்துச் சுவருக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, மைக்கை ஒன்றரை அடிக்குள் கொண்டுவாருங்கள்.