கீழக்கரையில் இருந்து வளைகுடா போகிறவர்களின் திட்டத்தைக் கொரோனா கால நுழைவு விதிகள் ஏன் அவ்வளவு குலைத்தன?

விதி கடுமையாக இருந்ததைவிட, டிக்கெட் போட்ட நாளில் இருந்த விதி கிளம்பும் நாளில் இல்லாமல் போனதுதான் பெரிய தொல்லை. 2021 ஏப்ரல் கடைசியில் அமீரகம் இந்தியப் பயணிகளுக்குக் கதவைச் சாத்தியது. நோன்புக்கு ஊர் வந்த எங்கள் தெருக்காரர்கள் சிலர் ஆகஸ்ட் வரை இங்கேயேதான். விசா வேறு காலாவதியாகிக்கொண்டிருந்தது.

சரி, திறந்தார்கள். கிளம்புவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் ஆர்டிபிசிஆர், அப்புறம் விமான நிலையத்தில் இன்னொரு ரேபிட் டெஸ்ட். இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். அந்த 48 மணி, மூக்கில் குச்சி விட்ட நேரத்தில் இருந்து கணக்கு; ரிசல்ட் வந்த நேரத்தில் இருந்து அல்ல. என் மச்சான் ராமநாதபுரத்தில் காலை ஒன்பது மணிக்கு மாதிரி கொடுத்தார். ரிசல்ட் மறுநாள் இரவு ஒன்பதுக்கு வந்தது. 36 மணி அதிலேயே போச்சு! மிச்சம் 12 மணியில் மதுரை போய்ச் சேர்வதற்கே மூன்று மணி நேரம். விமானமும் தாமதம். மறுபடி குச்சி, மறுபடி பணம்.

சவுதிக்குப் போனவர்கள் மாலத்தீவு, நேபாளம் என்று வேறு நாட்டில் 14 நாள் தங்கிப் போனார்கள். கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்ததே 2021 நவம்பர் 3இல்தான்.

இனி இப்படி வந்தால், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். இடையில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பாருங்கள்; ஏஜென்ட் அதைச் சொல்ல மறந்துவிடுவார்.