டிரம்பெட் வாசிப்பவரின் வறண்ட உதட்டுக்கு எந்த லிப் பாம்?

உதடு வறண்டு வெடிக்கிறது, லிப் பாம் தடவினால் டிரம்பெட்டில் உதடு வைத்து ஊதும் மவுத்பீஸ் வழுக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாமை மாற்றுவதற்கு முன் தடவும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். இரவு படுக்கும் முன் தாராளமாக, வாசித்து முடித்ததும் ஒருமுறை. வாசிக்கத் தொடங்கும் முன் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படியுங்கள். மென்தால், கற்பூரம், பட்டை வாசனை இருந்தால் வேண்டவே வேண்டாம். அந்தக் குளிர்ச்சி இதமாகத்தான் தோன்றும், ஆனால் வெடித்த தோலை மேலும் எரிய வைக்கும். ராத்திரிக்கு வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியே போதும். பகலில் தேன்மெழுகு கலந்தது எனக்குப் பிடிக்கும். உதட்டில் படிந்து நிற்கும், ஜெல்லி அளவுக்கு வழுக்காது. வெயிலில் வாசிப்பதானால் வெயிலிலிருந்து காக்கும் அளவைக் குறிக்கும் எஸ்பிஎஃப் 30 உள்ளதாகப் பாருங்கள்.

அப்புறம், உதட்டை நக்காதீர்கள். எச்சில் காயக் காய வறட்சி கூடும்.

மவுத்பீஸ் படும் வட்டத்தில் மட்டும் சிவந்து தோல் உரிகிறதா? அப்படியானால் மவுத்பீஸின் முலாம் தேய்ந்து அடியிலுள்ள உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள். உலோக ஒவ்வாமையாக இருக்கலாம், அதற்கு எந்த பாமும் தீர்வாகாது. தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.