ஆம்பூர் ஜேபிஎல்லா, புது ஸ்பீக்கரா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். ஹால் 12-க்கு 14 அடி. ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்துவந்த ஒருவர் வீட்டில் 1970-களின் ஜேபிஎல் எல்100 ஸ்பீக்கர் ஒரு ஜோடி விலைக்கு வந்திருக்கிறது. அதே காசுக்கு வாரண்டியோடு புதுசே வாங்கலாமே என்கிறான் மகன். எது சரி?

பதில்: டிரைவர்கள் (பெட்டிக்குள் ஒலி எழுப்பும் பாகங்கள்) ஒரிஜினலாக, நல்ல நிலையில் இருந்தால் ஆம்பூர் ஜோடியை வாங்குங்கள். பழைய ஸ்பீக்கர் பற்றிக் கேட்கும் எல்லாருக்கும் நான் இப்படிச் சொல்வதில்லை. பழசில் பெரும்பாலும் முதலில் போவது, தாழ்ந்த ஒலி (பேஸ்) தரும் பெரிய டிரைவரான வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பு. அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் அதற்கு ஃபோம் போட்டன. இருபது வருடம் ஆனால் தொட்டாலே உதிரும். எல்100-இன் 12 அங்குல வூஃபருக்குப் பூச்சு கொடுத்த துணி விளிம்பு, அந்தத் தொல்லை கிடையாது. முகப்பில் கட்டம் கட்டமாக இருக்கும் ஃபோம் கிரில் வேண்டுமானால் தூளாகியிருக்கும். அதனால் சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது, பேரம் பேச நல்ல சாக்கு. 80-களில் வந்த எல்100டி வேறு மாடல், அதில் ஃபோம் விளிம்புதான். பின்பக்க லேபிளைச் சரியாகப் படியுங்கள்.

உள்ளே கிராஸ்ஓவரும் (ஒலியைப் பிரித்து அந்தந்த டிரைவருக்கு அனுப்பும் சர்க்யூட்) மிக எளிமை. வூஃபர் நேராக ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்திருக்கும். நடு ஒலி தரும் மிட்ரேஞ்சுக்கு ஒன்று, உச்ச ஒலி தரும் ட்வீட்டருக்கு ஒன்று என இரண்டே கப்பாசிட்டர். மங்கலாகக் கேட்டால் அவற்றை மாற்றினால் போதும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.

டிரைவர் கெட்டிருந்தால்தான் தலைவலி. நம் ஊர் மைக்செட் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர்கள் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) மாற்றித் தருவார்கள். திருவிழா ஸ்பீக்கருக்கு அது போதும். இதில் கோனின் எடையும் விளிம்பின் இளக்கமும் கொஞ்சம் மாறினாலே பேஸ் வேறாகிவிடும். ஏற்கெனவே அப்படிக் கோன் மாற்றிய ஜோடி என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

போகும்போது மல்டிமீட்டரும் (டிரைவருக்குள் இருக்கும் காயில், அதாவது கம்பிச்சுருள், அறுந்திருக்கிறதா பார்க்க) டார்ச்சும் எடுத்துப் போங்கள். வூஃபர் கோனை இரண்டு பக்கமும் சமமாக மெதுவாக அழுத்துங்கள். கரகரவென்று உரசினால் காயில் தேய்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரே பாட்டை மோனோவில் போட்டு, பேலன்ஸை இடமும் வலமும் திருப்பி மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். முன்னால் இருக்கும் இரண்டு கட்டுப்பாட்டுக் குமிழ்களைத் திருப்பும்போது கொரகொரப்பு வந்தால் கவலை வேண்டாம், கான்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் சரியாகிவிடும். இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் தகர ஷெட்டுக்குள் கிடந்த பெட்டியில் மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு (வெனீர்) பெயர்ந்திருக்கும். ஈரம் பட்டிருந்தால் உள்ளே இருக்கும் பார்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) உப்பியிருக்கும், அதைச் சரிசெய்ய முடியாது.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாடகர் நடுவில், வயலின் இடப்பக்கம் என்று துல்லியமாகப் பிரித்துக் கேட்க ஆசைப்பட்டால் நல்ல புது ஸ்பீக்கர்தான் பொதுவாகக் கை கொடுக்கும். எல்100-இல் குரலும் தவிலும் முன்னால் வந்து அடிக்கும். எல்லாருக்கும் அது பிடிக்காது, வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது கேளுங்கள். புதுசில் சின்னப் பெட்டி ஆழமான பேஸ் தந்தால் அதற்கு ஈடாக ஆம்ப்ளிஃபயரில் வாட் அதிகம் கேட்கும். பழைய 20 வாட் ஆம்ப்தான் கையில் இருக்கிறது என்றால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒவ்வொரு பெட்டியும் 20 கிலோவுக்கு மேல். ஆம்பூரிலிருந்து காரின் பின் சீட்டில் கொண்டு வாருங்கள், பார்சலில் வேண்டாம். கீழே விழுந்தால் காந்தம் நகர்ந்து காயில் மாட்டிக்கொள்ளும். வீட்டில் வெறும் தரையில் வைக்காமல் ஓர் அடி ஸ்டூலில், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள்.