நீதிபதியின் முகவரியும் 72 மணி நேரமும்

கேள்வி: அமெரிக்காவில் நீதிபதிகளின் வீட்டு முகவரியை இணையத்திலிருந்து நீக்கச் சொல்ல முடியுமாமே?

பதில்: முடியும். 2020 ஜூலையில் நியூஜெர்சியில், கூரியர் ஊழியர் வேடத்தில் வந்த வழக்கறிஞர் ஒருவர் சுட்டதில் கூட்டாட்சி நீதிபதி எஸ்தர் சாலஸின் மகன் டேனியல் இறந்தார். அவர் பெயரிலேயே 2022 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. வீட்டு முகவரி, சொந்தத் தொலைபேசி எண், வாகனப் பதிவெண் போன்றவற்றைத் தகவல் தரகு நிறுவனங்கள் (மக்களின் சொந்த விவரங்களைத் திரட்டி விற்பவை) தெரிந்தே விற்கக் கூடாது. மற்ற தளங்களுக்கு எழுத்துமூலம் கோரிக்கை அனுப்ப வேண்டும். 72 மணி நேரத்துக்குள் நீக்கியாக வேண்டும். செய்தி வெளியிடுவதற்கு விலக்கு உண்டு, அது நியாயமும்கூட.

சிக்கல் எங்கே? ஒரு தளத்தில் அழித்த முகவரி, சொத்துவரிப் பதிவேடு வழியாக இன்னொன்றில் முளைத்துவிடும். மாநில நீதிபதிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவரவர் மாநிலச் சட்டம்தான். நியூஜெர்சியில் கெடு 10 வேலைநாள். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 1,000 டாலர் இழப்பீடு.