அண்ணனுக்கு ஏற்றிய மூன்று பாட்டில்

கேள்வி: எனக்கு வயது நாற்பத்தொன்பது. குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது, வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஹெபடைடிஸ் சி ‘ரியாக்டிவ்’ என்று வந்துவிட்டது. அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு, வைரஸ் இப்போதும் உடலில் இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகுமாம். இன்று நான்காம் நாள். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, கல்லீரல் புற்றுநோயைப் பற்றிக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று தனித் தட்டும் டம்ளரும் வைத்துக்கொண்டேன். மனைவியிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறேன். குடியோ வேறு கெட்ட பழக்கமோ எனக்குக் கிடையாது. 1995இல் நானும் அண்ணனும் மொபெட்டில் போய் லாரியில் அடிபட்டபோது, பணம் கொடுத்து ஆள் பிடித்து எனக்கு இரண்டு பாட்டில், அவருக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதில் வந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். (அண்ணனோடு கிணற்றுத் தகராறில் பதினொரு வருடமாகப் பேச்சில்லை.) மீதி ஆறு நாளை இந்தப் பயம் இல்லாமல் எப்படிக் கடத்துவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: நீங்கள் எழுதியது நான்கு பக்கம், இடம் கருதிச் சுருக்கி வெளியிட்டிருக்கிறோம். அந்த நான்கு பக்கத்திலும் உங்கள் அண்ணனைப் பற்றி இருந்தது, மேலே இருக்கும் அந்த இரண்டு வரி மட்டும்தான். பயப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்களின் கடிதங்களை இருபது வருடமாகப் படித்துவருகிறேன். மார்பில் கட்டி, காசநோய், எச்.ஐ.வி. என்று நோயின் பெயர் மாறுகிறதே தவிர, இரவு இரண்டு மணியும் கைப்பேசியும் தனித் தட்டும் மாறுவதில்லை. உங்கள் கடிதத்தில் மட்டும் வேறு எந்தக் கடிதத்திலும் நான் பார்த்திராத ஒன்று இருந்தது: அண்ணனுக்கு மூன்று பாட்டில்.

முப்பது வருடம் கழித்தும் அந்தக் கணக்கு உங்களுக்கு மறக்கவில்லை. ரத்தத்தில் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநொடி, ‘அப்படியென்றால் அண்ணனுக்கு?’ என்ற கேள்வி உங்களுக்குள் எழுந்திருக்க வேண்டும். எழுந்தது என்றே நினைக்கிறேன். எழாமலிருந்தால் அவருடைய பாட்டில் கணக்கை எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். எழுந்த கேள்வியின் மேல் கிணற்றுத் தகராறைத் தூக்கிப் போட்டு, இரண்டு பக்கமும் அடைப்புக்குறி வைத்து மூடிவிட்டீர்கள்.

அதைத் திறந்து பார்ப்போம். ஹெபடைடிஸ் சி வைரஸ் இன்னது என்று கண்டுபிடிக்கப்பட்டதே 1989இல்தான். அதற்கு முன் இந்த நோயை ‘ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல’ என்றுதான் மருத்துவர்கள் குறிப்பிட்டார்கள். நம் நாட்டு ரத்த வங்கிகளில் சி வகைக்கான பரிசோதனை கட்டாயமானது 2000-க்குப் பிறகு. காசுக்கு ரத்தம் கொடுப்பதை ஒழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி 1 முதல் அந்தத் தடை நடைமுறைக்கு வந்தது. நீங்கள் இருவரும் அடிபட்டுக் கிடந்த 1995, அந்தக் கட்டாயப் பரிசோதனை, இந்தத் தடை இரண்டுக்கும் முந்தியது. அன்று ரத்தம் கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது, உங்கள் உயிரைக் காப்பாற்றியதும் அவர்கள் ரத்தம்தான். ஆனால் ஒருவரிடம் ஒரு தடவைக்கு ஒரு பாட்டில்தான் எடுப்பார்கள் என்பதால், ஐந்து பாட்டில் என்றால் ஐந்து பேர். உங்களுக்குக் கொடுத்த இருவரில் ஒருவரிடம் இந்த வைரஸ் இருந்திருக்கிறது என்றால், உங்கள் அண்ணனுக்குக் கொடுத்த மூவரிடமும் அது இல்லை என்று எந்தத் தைரியத்தில் இருக்கிறீர்கள்? கணக்குப் பார்த்தால் அவருக்குத்தான் ஒரு பங்கு ஆபத்து கூடுதல்.

உங்களுக்கு இது தெரியவந்ததே குடலிறக்கத்தின் புண்ணியத்தால். இந்த வைரஸ் இருபது, முப்பது வருடம் சத்தமே இல்லாமல் கல்லீரலுக்குள் குடியிருக்கும். மஞ்சள் காமாலையாக வெளியே தெரிந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வைரஸ் நிலைத்துத் தங்கிவிட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது வருடத்துக்குள் கல்லீரல் சுருக்கம் வந்துவிடுகிறது. உங்கள் அண்ணன் குடலிறக்கம் இல்லாத, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத மனிதராக இருந்தால், அவருக்கு இதை யார் சொல்வது? அந்த மருத்துவமனையில் 1995இன் பதிவேடு இன்று இருக்கப்போவதில்லை, ரத்தம் கொடுத்தவர்களையும் இனித் தேட முடியாது. அன்று அவருக்கும் அதே மாதிரி ரத்தம் ஏற்றினார்கள் என்பதையும், அது கெட்டுப்போன ரத்தமாக இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்து அறிந்த ஒரே ஆள் நீங்கள். நான்கு நாளாக அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

‘முடிவு வரட்டும், பிறகு யோசிக்கலாம்’ என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. இங்கேதான் உங்கள் கணக்கு தப்புகிறது. முதலில் எடுத்தது, வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. அதில் ரியாக்டிவ் என்று வந்தால், பெரும்பாலும் இந்த வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்று பொருள். இப்போதும் இருக்கிறதா என்பதைத்தான் பி.சி.ஆர். சொல்லும். வைரஸ் நுழைந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் உடலே அதைத் துரத்திவிடுகிறது; எதிர்ப்பொருள் மட்டும் காலம் முழுக்க ரத்தத்தில் தங்கிவிடும். உங்களுக்கு ‘வைரஸ் இல்லை’ என்று வந்தால், உங்கள் உடல் அதைத் துரத்தியது என்று அர்த்தமாகுமே ஒழிய, உங்கள் அண்ணனின் உடலும் துரத்தியிருக்கும் என்று ஆகாது. ‘இருக்கிறது’ என்று வந்தாலும் அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி அதேதான். அவ்வளவு ஏன், அந்த முதல் பரிசோதனையே பிசகு என்று நாளை தெரியவந்தாலும், 1995இல் ரத்தம் ஏற்றிக்கொண்டவர் என்ற ஒரு காரணம் போதும், அவர் தம் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வதற்கு. ஆகவே நீங்கள் காத்திருக்கும் காகிதத்தில் எது அச்சாகி வந்தாலும், அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. பிறகு எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

என் சித்தப்பா ஒருவர் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து இறந்தார். நான் அப்போது பள்ளி மாணவி. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. ஆனாலும் கல்லீரல் என்றதும் ஊர் சிரித்தது. ‘ஒளித்துவைத்துக் குடித்திருக்கிறான்’ என்று சாவு வீட்டுத் திண்ணையிலேயே பேசினார்கள். இரண்டு தடவை அறுவைச் சிகிச்சையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர் என்பதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. நோய்க்கே பெயர் வைக்கப்படாத காலம் அது. என் சித்தி கடைசிவரை, நடுங்கும் கையால் மோர் ஆற்றிக்கொண்டே, “அவர் தொட்டதில்லை கண்ணு” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் அண்ணியார் அப்படிச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை வரலாகாது என்று நான் நினைக்கிறேன். என் சித்தப்பாவுக்கு அன்று மருந்து இருக்கவில்லை, இன்று இருக்கிறது.

பத்துப் பதினைந்து வருடம் முன்புவரை வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசியைப் பல மாதம் போட்டுக்கொண்டு, காய்ச்சலும் சோர்வுமாகக் கிடந்தும், பாதிப்பேருக்குத்தான் குணம் கிடைத்தது. 2015 முதல் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை குறைந்த விலையில் நம் நாட்டிலேயே தயாராகிறது. கல்லீரல் சுருங்காதவர்களுக்கு அதையும் டக்லாடஸ்விர் என்ற இன்னொரு மாத்திரையையும் சேர்த்துப் பன்னிரண்டு வாரம் கொடுக்கிறார்கள்; நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வைரஸ் அடியோடு ஒழிந்துவிடுகிறது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், அதற்கென்று உள்ள அரசு மருத்துவமனை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கல்லீரல் சுருங்கிவிட்ட பிறகு வருபவருக்கோ மருந்து மாறும். வைரஸ் போன பின்னும் புற்றுநோய் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டு நிலைகளில் உங்கள் அண்ணன் எதில் போய்ச் சேர்வார் என்பது, அவருக்கு எவ்வளவு சீக்கிரம் தெரியவருகிறது என்பதைப் பொறுத்தது. கீழாநெல்லி இருக்கிறதே என்று யாரேனும் உங்களுக்கோ அவருக்கோ சொல்வார்கள். சென்னையில் 1980-களில் நடந்த, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகூட ஹெபடைடிஸ் பி வகையைப் பற்றியது. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

தனித் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வைரஸ் ரத்தத்தின் வழியாகப் பரவுவது. சோற்றிலும் தட்டிலும் டம்ளரிலும் பரவாது. தட்டைப் பிரித்த நீங்கள், ஷேவிங் ரேசரையும் நகவெட்டியையும் பல் துலக்கும் பிரஷையும் பிரித்ததாக எழுதவில்லை. பிரிக்க வேண்டியவை அவைதான். கணவன் மனைவிக்குள் இது பரவுவது மிக அரிது என்றாலும், உங்கள் மனைவி ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. அதற்கு அல்சர் என்ற பொய்யை இன்றிரவே திரும்பப் பெற்றாக வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் உங்களோடு வாழ்ந்திருப்பவருக்கு, உங்கள் தட்டு ஏன் தனியாகக் கவிழ்ந்திருக்கிறது என்று யோசிக்கத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அல்சருக்குத் தனித் தட்டு வைக்கும் வீடு எந்த ஊரில் இருக்கிறது?

அண்ணனிடம் போகாததற்கு நீங்கள் சொல்லக்கூடிய காரணங்களை நானே சொல்லிவிடுகிறேன். அவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பேசாவிட்டாலும் காது கேட்கும். கிணற்றுப் பங்குக்காக நடிக்கிறேன் என்பார், சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு நோய் என்று ஊர் முழுக்கப் பரப்பிவிடுவார் என்பதுதான் உங்களுடைய உண்மையான பயம். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில், செத்துப்போய்விடுவேனோ என்ற சொல் ஒருமுறைதான் வருகிறது. ‘தெரிந்துவிட்டால்’ என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். உங்கள் மானத்தையும் உடன்பிறந்தவரின் கல்லீரலையும் தராசில் வைத்து, முன்னதுதான் கனம் என்று நான்கு நாளாக முடிவு செய்துவைத்திருக்கிறீர்கள். இதைக் கடுமையாகச் சொல்வதற்கு நான் வருத்தப்படவில்லை. ‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்பதை அண்ணன்மார்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். தம்பியாகப் பிறந்தவருக்கு அது தீர்க்க வேண்டிய கடன். தகராறு இருந்தால் அந்தக் கடன் தள்ளுபடியாகும் என்று எந்தக் குடும்பத்திலும் சட்டம் இல்லை. கிணற்று விவகாரத்தில் நியாயம் முழுக்க உங்கள் பக்கமே இருப்பதாக வைத்துக்கொண்டாலும் நான் இதையேதான் சொல்வேன். அந்தச் சண்டையை அவர் குணமான பிறகு நீங்கள் இருவரும் ஆற அமரப் போட்டுக்கொள்ளலாம்.

பயமில்லாமல் ஆறு நாளை எப்படிக் கடத்துவது என்று கேட்டீர்கள். அதில் ஒரு நாளுக்கு மட்டும் என்னிடம் வழி இருக்கிறது. நாளைக் காலை உங்கள் ரியாக்டிவ் ரிப்போர்ட்டை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் அந்த எதிர்ப்பொருள் பரிசோதனையின் பெயரை, ‘ஆன்டி ஹெச்.சி.வி.’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் நீட்டினால் அவர்களுக்குப் புரியும். அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பாமல், பெரியவர் யாரையும் துணைக்கு அழைக்காமல், நீங்களே போங்கள். பழைய கதையில் தொடங்காதீர்கள். “அண்ணா, மொபெட்டில் அடிபட்டபோது நமக்கு ஏற்றிய ரத்தத்தில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது. எனக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது, நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும், மாத்திரையில் குணமாகிற நோய்தான்” என்ற அளவில் போதும். அவர் எழுந்து உள்ளே போய்விட்டால், அண்ணியிடம் அதையே மறுபடி சொல்லி, நகலையும் சீட்டையும் அவர் கையில் கொடுங்கள். அண்ணி தண்ணீர் கொடுத்தால் அவர்கள் வீட்டு டம்ளரிலேயே வாங்கிக் குடியுங்கள். கிணற்றைப் பற்றி அவர்கள் எடுத்தாலும் அன்றைக்குப் பேச வேண்டாம்.