வல்லினமா, மெல்லினமா, இடையினமா?

போன இதழில் பேச முடியாதவர்களை மூளையில் சிப் வைத்துப் பேசவைக்கும் ஆராய்ச்சி பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் எழுதியவை. அதனால் இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

கேள்வி: என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. கை, கால் அசையவில்லை, பேச்சும் இல்லை. கண் மட்டும் மேலும் கீழும் அசைகிறது. நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது, மற்றவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அந்த சிப்பை வைக்க யாரைப் பார்க்க வேண்டும்?

பதில்: சிப்பை அப்புறம் பார்ப்போம். கண் அசைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் பெரிய செய்தி. மூளைத்தண்டில் பக்கவாதம் தாக்கினால் உடம்பு முழுக்கச் செயலிழந்து, அறிவும் காதும் மட்டும் நன்றாக இருக்கும் ஒரு நிலை உண்டு, லாக்ட்-இன் சிண்ட்ரோம் என்பார்கள். அதில் பெரும்பாலும் கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் இமைப்பதும் தப்பிவிடும். உங்கள் அண்ணனுக்கு இருப்பது அதுதானா என்று நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல முடியும், நீங்கள் கவனித்ததை அவரிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். 'ஆம்' என்றால் மேலே பாருங்கள், 'இல்லை' என்றால் கீழே பாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, விடை உங்களுக்குத் தெரிந்த பத்துக் கேள்விகளை, ஆமும் இல்லையும் மாறி மாறி வரும்படி கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நொடியாவது பொறுங்கள். ஒரு நாள் சரியாக வரவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், சீக்கிரம் களைத்துப்போவார், மறுநாள் காலையில் மறுபடி கேளுங்கள்.

அது பிடிபட்டதும் ஒரு அட்டை எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில் அ முதல் ஊ வரை ஆறு. இரண்டாவதில் எ முதல் ஔ வரை ஆறு. அடுத்த மூன்று வரிகள் வல்லினம், மெல்லினம், இடையினம், ஒவ்வொன்றிலும் ஆறு. கடைசி வரியில் அவருக்கு அடிக்கடி தேவைப்படும் ஆறு சொற்கள்: தண்ணீர், புரட்டிப் படுக்கவை, குளிர், சளி, தூக்கம், போதும். இப்போது நீங்கள் வரியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இடையினமா?" என்றதும் கண் மேலே போகிறது. "ய? ர? ல? வ?" என்று வரிசையாகச் சொல்கிறீர்கள், 'வ'வில் மறுபடி மேலே. அடுத்த எழுத்தும் இடையினம், இந்த முறை 'ல'. பிறகு முதல் வரி, அதில் 'இ'. வ, ல, இ. வலி! இனி எங்கே வலிக்கிறது என்று கேட்கலாம். புள்ளிக்கும் துணைக்காலுக்கும் அவரைப் படுத்த வேண்டாம், அதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இது பழகியபின் கண் பார்வையைப் பின்தொடரும் கருவி சரிப்படுமா என்று ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேளுங்கள். பக்கவாட்டில் கண் நகராதவர்களுக்கு அது சிரமம், ஆனாலும் கேட்டுவிடுங்கள். சிப் இன்னும் ஆய்வுச் சோதனையில்தான் இருக்கிறது, கடையில் வாங்கும் பொருளாக வரவில்லை. காசு கொடுத்தால் வைத்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் கிட்டேயே போகாதீர்கள்.

கேள்வி: இந்தக் கருவி மனதில் நினைப்பதையெல்லாம் படித்துவிடுமா? கேட்கவே பயமாக இருக்கிறது.

பதில்: இப்போது நன்றாக வேலை செய்பவை நினைப்பைப் படிப்பதில்லை, முயற்சியைப் படிக்கின்றன. பேச வேண்டும் என்று நினைத்தால் உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஒவ்வொன்றுக்கும் மூளை உத்தரவு அனுப்புகிறது. தசைக்குப் போகும் வழி அறுந்துபோனாலும் உத்தரவு பிறப்பது நிற்பதில்லை. மூளையில் அந்த இடத்தில் பதித்த சிப்பின் எலெக்ட்ரோடுகள் (மின் சமிக்ஞையைப் பிடிக்கும் நுண்ணிய முனைகள்) அதைப் பிடிக்க, எந்த ஒலிக்கான உத்தரவு அது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்குகிறது. 2021-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவர் கையால் எழுதுவதாக முயன்றபோது நிமிடத்துக்கு 90 எழுத்து திரையில் வந்தது. 2023-இல் அதே ஸ்டான்ஃபோர்டில் பேச முயன்ற பெண்ணுக்கு நிமிடத்துக்கு 62 சொல், சான் ஃபிரான்சிஸ்கோவில் மூளை அறுவை நிபுணர் எட்வர்ட் சாங் குழுவில் இன்னொரு பெண்ணுக்கு 78. நாம் சாதாரணமாகப் பேசுவது 150 சொல் அளவில். 2024-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு, 1,25,000 சொற்களுக்குள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று விட்டும் 97.5 சதவீதம் சரியாக வந்தது என்று அறிவித்தது.

ஆனால் உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2025-இல் ஸ்டான்ஃபோர்டு குழு மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் பேச்சையும் ஓரளவு பிடித்துக் காட்டியது. கூடவே ஒரு பூட்டும் வைத்தார்கள். மனதுக்குள் ஒரு ரகசியச் சொற்றொடரைச் சொன்னால்தான் கருவி கேட்கவே தொடங்கும். அந்தப் பூட்டு இல்லாத கருவியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், பேச முடியாதவருக்கும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ள நாலு விஷயம் இருக்கும்.

கேள்வி: ஆபரேஷன் இல்லாமல் தலையில் தொப்பி மாட்டிச் செய்ய முடியாதா? கண்ணும் அசையாதவர்களுக்கு என்ன வழி?

பதில்: தொப்பி உண்டு, பழையது. ஃபார்வெல், டோஞ்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-லேயே செய்தார்கள்: ஆறுக்கு ஆறு கட்டத்தில் 36 குறிகள், வரிசைகள் மாறி மாறி மின்னும், வேண்டிய எழுத்து மின்னும்போது மூளை அலையில் ஒரு துள்ளல் வரும். (மேலே சொன்ன அட்டையிலும் 36 கட்டம்தான், எண்ணிப் பாருங்கள்.) மண்டையோட்டைத் தாண்டி வருவதற்குள் சமிக்ஞை மங்கிவிடுவதால் ஒரே எழுத்தைப் பலமுறை மின்னவைக்க வேண்டும், அதனால் மெதுவு. தலைமுடிக்குள் ஜெல் தடவி, அப்புறம் கழுவிவிடவும் ஆள் வேண்டும்.

கண்ணும் நின்றுபோனவர்கள் நிலை மிகக் கடினம். ஜெர்மனியில் ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்) வந்த ஒருவருக்கு மூளையில் எலெக்ட்ரோடு வைத்து, ஒரு ஒலியின் சுருதியைத் தன் மூளையாலேயே ஏற்றி 'ஆம்', இறக்கி 'இல்லை' என்று சொல்லப் பழக்கினார்கள், 2022-இல் வெளியானது. நிமிடத்துக்கு ஒரு எழுத்துதான். அந்த வேகத்திலும் அவர் தன் மகனிடம் பேசினார், தனக்கு இன்ன சூப் வேண்டும் என்று கேட்டார். மெதுவு என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எல்லாம் ஆங்கிலத்தில்தானே? தமிழில் வருமா?

பதில்: வராமல் இருக்க மூளைப் பக்கத்தில் காரணமில்லை. நாக்குக்குப் போகும் உத்தரவுக்கு மொழி ஏது? சாங் குழுவில் பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒருவர் இருக்கிறார், தாய்மொழி ஸ்பானிஷ், ஆங்கிலம் நோய்க்குப் பிறகு கற்றது. அதே எலெக்ட்ரோடுகளை வைத்தே இரண்டு மொழியிலும் அவரைப் பேசவைத்ததை 2024-இல் வெளியிட்டார்கள். ஒரு மொழியில் பழகியது மற்றதற்கும் உதவியது. தமிழில் நாம் செய்ய வேண்டியது கம்ப்யூட்டர் பக்கம். வந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதுகிறோம், வந்துகிட்டிருக்கேன் என்று பேசுகிறோம், இவர்கள் பேசத்தான் முயல்வார்கள். அடுத்த சொல்லை ஊகிக்கும் மென்பொருளுக்குப் பேச்சுத் தமிழ் நிறையத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு ஏஎல்எஸ் என்று உறுதிசெய்துவிட்டார்கள். நாக்கு குழற ஆரம்பித்திருக்கிறது. இப்போது நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். மேலே சொன்ன டேவிஸ் சோதனையில் பங்கேற்ற நோயாளியின் சொற்களைக் கம்ப்யூட்டர் அவருடைய பழைய குரலிலேயே பேசியது, நோய்க்கு முந்தைய பதிவுகள் கைவசம் இருந்ததால். கண்ணால் தட்டச்சு செய்யும் கருவிகளிலும் சொந்தக் குரலை ஏற்றிப் பேசவைக்க வழி வந்திருக்கிறது, அதனால் சிப் கிடைக்காவிட்டாலும் பயன்படும். பழைய வாட்ஸ்அப் ஆடியோ, கல்யாண வீடியோ எதையும் அழிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

களைப்பில்லாத நேரத்தில், ஃபேன் ஓடாத அறையில், தினம் பத்து நிமிடம் போதும். செய்தித்தாளைப் படிப்பது மட்டும் வேண்டாம். குழந்தைகளை நீங்கள் கூப்பிடும் செல்லப்பெயர், கோபம் வந்தால் சொல்லும் வார்த்தை, போனை எடுத்ததும் சொல்லும் அந்த முதல் "ம்ம்... சொல்லு", உங்கள் சிரிப்பு. எல்லாவற்றையும் பதிந்து இரண்டு இடத்தில் வையுங்கள்.