படப்புத்தகங்களில் பனி விழுந்ததும் முயல் வெள்ளையாகிவிடுகிறதே, அது உண்மையா?

வட அமெரிக்கக் காடுகளைக் காட்டும் குழந்தைகள் படப்புத்தகங்களில் பழுப்பு முயல், பனி விழுந்த அடுத்த பக்கத்திலேயே வெள்ளையாகிவிடுவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறம் மாறுவது உண்மைதான். காரணத்தைத்தான் அவை தவறாக உணர்த்துகின்றன. ஸ்னோஷூ எனப்படும் அந்த முயல் பனியைக் கண்டு மாறுவதில்லை. இலையுதிர்காலத்தில் பகற்பொழுது குறைவதைக் கண் வழியே மூளை உணர்ந்து சுரப்புகளை மாற்றுவதால், பழுப்பு முடி உதிர்ந்து வெள்ளை முடி முளைக்கிறது. பாதங்களிலும் காதுகளிலும் தொடங்கி முதுகு வரை பரவ ஏறத்தாழ 10 வாரங்கள் ஆகும். ஆகவே பனி தாமதிக்கும் ஆண்டுகளில், வெறுந்தரையில் பளிச்சென்று தெரியும் வெள்ளை முயல் லின்க்ஸ் போன்ற வேட்டை விலங்குகளிடம் எளிதில் சிக்கிக்கொள்கிறது. இதை வரைந்த புத்தகம் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். குளிர்காலத்திலும் காது நுனி கறுப்பாகவே இருக்கும். முழு வெள்ளையாகத் தீட்டியிருந்தால், ஓவியர் கவனிக்கவில்லை என்றே கொள்ளலாம்.